பேத்தி கேட்ட மூளைப் படிப்பு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று சாயங்காலம் பேத்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "தாத்தா, நான் நியூரோசயின்ஸ் படிக்கப் போறேன். நீங்கதான் அப்பாகிட்ட சொல்லணும்" என்றாள். மாப்பிள்ளைக்கு அவள் கம்ப்யூட்டர் படிக்க வேண்டும் என்று ஆசை. "அதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும் மாமா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாத விஷயத்துக்குப் பழைய ஃபைலை எடுத்துப் பார்ப்பது ஆபீஸ் பழக்கம். அப்படிப் பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தபோது வாத்தியார் பால் புரோக்கா என்ற டாக்டரைப் பற்றிச் சொன்னார். பாரிஸ் அருகே பிசேத்ர் மருத்துவமனையில் லெபோர்ஞ் என்றொரு நோயாளி 21 வருடம் இருந்தார். சொல்வது புரியும், பதிலுக்கு "தான், தான்" என்ற ஒலி மட்டும் வரும். தமிழ்ப் பையன்கள் நாங்கள் சிரித்துவிட்டோம். 1861 ஏப்ரலில் அவர் இறந்ததும் புரோக்கா மூளையை எடுத்துப் பார்த்தார். இடதுபுறம் முன்பகுதியில் பழுது இருந்தது. பேச்சுக்கு மூளையில் தனி இடம் உண்டு என்பதற்கு அது பெரிய ஆதாரமாயிற்று.

ஐந்து வருடம் முன்பு என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையோடு பேச்சும் போனது. காபி வேண்டுமென்றாலும் "வா", வேண்டாமென்றாலும் "வா". அன்று வகுப்பில் சிரித்தது நினைவுக்கு வந்து நெஞ்சை அடைத்தது. எந்த "வா"வுக்கு என்ன அர்த்தம் என்று கண்டுபிடித்தது ஏழாவது படித்துக்கொண்டிருந்த பேத்திதான். இரண்டு வருடம் பாட்டிக்கு அவளே மொழிபெயர்ப்பாளர்.

நம் பக்கத்துக் கதைக்கு வருவோம். வேலூர் சி.எம்.சி.யில் 1949ல் ஜேக்கப் சாண்டி நரம்பியல் அறுவை சிகிச்சையைத் தொடங்கினார். 1950ல் சீர்காழியில் பிறந்த டாக்டர் பி. ராமமூர்த்தி சென்னை ஜி.எச்.சில் தொடங்கினார். திருமுல்லைவாயிலில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால் எதிரே தெரிகிறதே, அதே ஜி.எச்.தான். ஸ்டான்லியில் டாக்டருக்குப் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் கேம்பிரிட்ஜ் போய் ஆராய்ச்சியாளர் ஆனார். கை இழந்தவருக்கு இல்லாத கையில் வரும் வலியை ஒரு சாதாரணக் கண்ணாடியை வைத்துக் குறைக்கலாம் என்று காட்டினார்.

இவர்களில் யாரும் நியூரோசயின்ஸ் என்ற பட்டத்தோடு ஆரம்பிக்கவில்லை. மூவரும் முதலில் மருத்துவம் படித்தவர்கள். நம் ஊரில் இன்றும் இளநிலையில் அந்தப் பெயரில் படிப்பு அபூர்வம். விலங்கியல், உயிர்வேதியியல், உளவியல், இயற்பியல் என்று ஏதாவது ஒன்றில் அஸ்திவாரம் போட்டுவிட்டு, பிறகு பெங்களூர் ஐ.ஐ.எஸ்சி., நிம்ஹான்ஸ், மானேசர் மூளை ஆராய்ச்சி மையம் என்று போக வேண்டும். பி.எச்டி. வரை நீளும் பாதை. அதைப் பேத்தியிடம் மறைக்காமல் சொன்னேன்.

மாப்பிள்ளையிடம் வேறொன்று சொன்னேன். சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை மையம் 2024 டிசம்பரில் கருவிலுள்ள சிசுவின் மூளையை 5,132 சீவல்களாகப் படமெடுத்து வெளியிட்டது. அந்த வேலையில் டாக்டரோடு கம்ப்யூட்டர் ஆட்களும் இருக்கிறார்கள். "அப்ப ரெண்டும் படிக்கட்டும் மாமா" என்றார். அது முழுச் சம்மதம் இல்லை.

பேத்தி விலங்கியலுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். கையெழுத்துப் போட்டது அவள் அப்பாதான்.