அடைப்புக்குறிக்குள் இருந்த சில சொற்கள்



அமெரிக்காவில் உரிய ஆவணம் இல்லாத தொழிலாளர்களைப் பிடிப்பதைச் செய்திகளில் பார்க்கிறோம். அவர்களை வேலைக்கு வைத்த முதலாளியை யார் கேட்பது, மத்திய அரசா, மாநில அரசா? அது ஒரு நீண்ட வழக்கு.

1952ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி, அனுமதியின்றி வந்தவருக்கு அடைக்கலம் கொடுப்பது குற்றம். ஆனால் வேலை கொடுப்பது அடைக்கலம் ஆகாது என்று அதிலேயே ஒரு வரியைச் சேர்த்துவிட்டார்கள். டெக்சாஸ் பண்ணை முதலாளிகளின் செல்வாக்கு அப்படி. 'டெக்சாஸ் விதிவிலக்கு' என்றே அதற்குப் பெயர்!

மத்திய அரசு இப்படிக் கண்ணை மூடிக்கொண்டதால் கலிபோர்னியா 1971இல் தானே சட்டம் போட்டது. உள்ளூர்த் தொழிலாளிக்குப் பாதிப்பு வருமென்றால், தெரிந்தே அத்தகையவரை வேலைக்கு வைக்கக் கூடாது. இதை வைத்து வழக்குப் போட்டவர்கள் யார் தெரியுமா? ஊர் ஊராகப் போய்ப் பண்ணை வேலை செய்யும் ஏழைகள். ஆள் மலிந்துவிட்டதால் ஒப்பந்தக்காரர்கள் தங்களுக்கு வேலை தரவில்லை என்பது அவர்களுடைய முறையீடு. குடியேற்றம் மத்திய அரசின் விஷயம், மாநிலச் சட்டம் செல்லாது என்றன கலிபோர்னிய நீதிமன்றங்கள். உச்ச நீதிமன்றம் 1976இல் அதைத் திருப்பிப் போட்டது. நாட்டுக்குள் யாரை விடுவது என்பது வேறு, வேலை கொடுப்பதை ஒழுங்குபடுத்துவது வேறு என்று நீதிபதி பிரென்னன் எழுதினார். ஒருவரும் மாறுபடவில்லை.

1986இல் ரீகன் கையெழுத்திட்ட சட்டம் வந்தது. தெரிந்தே வேலை கொடுப்பது நாடு முழுவதும் குற்றமானது. அதோடு, மாநிலங்கள் முதலாளிகளுக்குத் தனியாக அபராதமோ தண்டனையோ விதிக்கக் கூடாது என்றும் தடை. ஆனால் அந்தத் தடைக்கு நடுவில், அடைப்புக்குறிக்குள், லைசென்ஸ் தொடர்பான சட்டங்களுக்கு மட்டும் விலக்கு.

அரிசோனா 2007இல் அந்தச் சந்துக்குள் நுழைந்தது. அபராதம் எதுவும் இல்லை. முதல் முறை பிடிபட்டால் லைசென்ஸை நிறுத்தி வைக்கலாம், இரண்டாம் முறை நிரந்தர ரத்து. கம்பெனியைப் பதிவு செய்த பத்திரம்கூட லைசென்ஸ்தான் என்றார்கள்! வர்த்தக சபையும் குடியுரிமை அமைப்புகளும் ஒரே பக்கம் நின்று எதிர்த்தன. அபூர்வமான கூட்டணி. 2011இல் 5-3 என அரிசோனா ஜெயித்தது. மாறுபட்ட நீதிபதி பிரையர், இப்படிப் பயமுறுத்தினால் பார்வைக்கு அயலாராகத் தெரிபவரை, சட்டப்படி இருப்பவரானாலும், முதலாளிகள் ஒதுக்கிவிடுவார்கள் என்றார். என் மனம் அவர் பக்கம்தான். கடையையே இழப்பதைவிட ஒருவரை வேண்டாம் என்பது முதலாளிக்குச் சுலபம் அல்லவா?

அதே அரிசோனா 2010இல் இன்னும் ஒரு படி போய், அனுமதியின்றி வேலை தேடும் தொழிலாளியையே குற்றவாளி ஆக்கியது. அதை மட்டும் 2012இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. 1986இல் நாடாளுமன்றம் யோசித்துத்தான் தொழிலாளிக்கு அந்தத் தண்டனையை வைக்காமல் விட்டது, மாநிலம் அதைச் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டது.