செருப்புச் சக்கரங்கள்

நிக்கோலா டெஸ்லா 1898இல் நியூயோர்க்கில் வானொலி அலையால் ஒரு சிறு படகைச் செலுத்திக் காட்டினார். அந்த வித்தை கரையேறி மண்ணில் ஓட நெடுங்காலம் சென்றது. 1979இல் ஜப்பானின் தமியா நிறுவனம் வெளியிட்ட 'சேண்ட் ஸ்கோர்ச்சர்' வண்டியில், மணலும் ஈரமும் புகாதவாறு வானொலிக் கருவி மூடிய பெட்டிக்குள் இருந்தது. 1987இன் 'குளொட் பஸ்டர்' டிரக்குக்கு இரண்டு மோட்டார்கள். நான்கு சக்கரங்களும் திரும்பும். இவை யாவும் பாகங்களாக வாங்கிக் கையால் பூட்ட வேண்டியவை.

1988இல் நாடற்றவர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்தபோது, செய்தி சேகரிக்கக் கஹவத்தைக்குச் சென்றேன். றப்பர்த் தோட்ட லயத்தின் சரிவில் பிள்ளைகளின் வண்டிப் பந்தயம். டின்மீன் பேணியே உடல். தேய்ந்த செருப்பில் வெட்டியவை சக்கரங்கள். உலகத்து டயர்களுக்குப் பால் வெட்டியவர்களின் பிள்ளைகள்! வண்டிகளைப் படம் பிடித்தேன். பத்திரிகைக்கு அனுப்பியதோ குடியுரிமைச் செய்தி மட்டும்.