சேவலை நிறுத்திக்கொள்வதா?

கோழி வளர்க்கும் வீடுகளில் எல்லாக் காலத்திலும் எழுந்து வந்துள்ள வினா ஒன்று உண்டு. அடைவைத்த முட்டைகள் 21 நாளில் பொரிக்கின்றன; குஞ்சுகளுள் ஏறத்தாழப் பாதி சேவல்களாகின்றன. இத்தனை சேவல்களை என்ன செய்வது? இதற்கு மனிதர் அளித்த விடைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு.

“சேவல் இல்லாவிடில் பெட்டை முட்டையிடுமா?” என்று என் வகுப்பில் மாணவர் கேட்பதுண்டு. இடும், ஆனால் அம்முட்டை பொரிக்காது. குஞ்சு வேண்டுவோர்க்கும் பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவல் போதும். ஆதலால் குடியானவர் சில மாதம் பொறுத்திருந்து, குஞ்சுகள் வளர்ந்து கொண்டை சிவந்த பின், நல்ல சேவல் ஒன்றை நிறுத்திக்கொண்டு, எஞ்சியவற்றை விற்றனர், அல்லது கறியாக்கினர். நிறுத்திய சேவல் வைகறையில் கூவிற்று. பருந்தைக் கண்டால் குரல் எழுப்பிப் பெட்டைகளையும் குஞ்சுகளையும் எச்சரித்தது.

இருபதாம் நூற்றாண்டில் முட்டைக்கு ஓரினம், இறைச்சிக்கு வேறோரினம் எனக் கோழிகள் பிரிக்கப்பட்டன. முட்டையினத்துச் சேவல் முட்டையிடாது. தின்ற தீனிக்கு ஈடாகச் சதையும் வைக்காது. எனவே பொறுத்திருக்கும் மாதங்கள் பண்ணைக்காரருக்கு வீண்செலவாகத் தோன்றின. அப்போது ஜப்பானிய அறிஞர்களான கியோஷி மசூயி, ஜூரோ ஹஷிமோட்டோ முதலியோர், பொரித்த குஞ்சின் எச்சத்துளையை நோக்கியே ஆண் பெண் அறியும் முறையை வகுத்தனர். 1927-இல் கனடாவின் ஒட்டாவா நகரில் கூடிய உலகக் கோழி வளர்ப்பு மாநாட்டில் அது எடுத்துரைக்கப்பட்டது. பின்னர் அம்முறை பல நாடுகளிலும் பரவியது. அதன் விளைவாக, முட்டையினத்துச் சேவற்குஞ்சுகள் பிறந்த அன்றே கோடிக்கணக்கில் கொல்லப்படலாயின. இன்றும் பல நாடுகளில் இவ்வழக்கம் தொடர்கிறது.

ஜெர்மனியில் இதற்கு எதிர்ப்பு வலுத்தது. பொருளாதார நலன் ஒன்று மட்டுமே குஞ்சுகளைக் கொல்லத் தக்க காரணமாகாது என 2019-இல் அந்நாட்டு உயர் நிர்வாக நீதிமன்றம் கூறியது. எனினும், மாற்றுவழி அமையும்வரை அவ்வழக்கத்திற்கு இடமளித்தது. 2022 ஜனவரி 1 முதல் சட்டம் அதைத் தடை செய்தது. அதன்பின் அங்கே சிலர், முட்டைக்குள் ஒளி செலுத்தியோ, ஓட்டில் நுண்துளையிட்டு ஒரு துளி நீர் எடுத்தோ, பொரிக்குமுன்னரே கருவின் பாலை அறிந்து ஆண் முட்டைகளை விலக்குகின்றனர். வேறு சிலர், சேவல்களையும் வளர்த்து, அச்செலவை முட்டை விலையில் சேர்த்து விற்கின்றனர்.

ஆக, சேவலின் மீது தீர்ப்புக் கூறும் நாள் வரவர முந்தி வந்திருக்கிறது. அன்று சில மாத வாழ்வுக்குப் பின் வந்தது. பிறகு பிறந்த நாளிலேயே வந்தது. இப்போது பிறப்பதற்கு முன்னரே வருகிறது. அறிவு வளர்ந்து கொல்லும் துன்பத்தைக் குறைத்தது மெய்யே. ஆயினும் நமக்குப் பயன்படாத உயிருக்கு நாம் கடமைப்பட்டவர்களா என்னும் வினாவுக்கு விஞ்ஞானக் கருவி விடை கூறாது. முட்டைக்கு இரண்டு காசு கூடுதலாகக் கொடுக்க முன்வருபவரே அதற்கு விடை கூறத் தொடங்குகிறார்.