இரண்டு ரொட்டிகள்: அயலூர் மாணவரைக் கரைசேர்த்த வரலாறு

ஹிஜ்ரி 578, கி.பி. 1183. அந்தலுஸின் கிரனடா நகரிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட இப்னு ஜுபைர் என்னும் அறிஞர் எகிப்தின் இஸ்கந்தரிய்யா துறைமுகத்தில் வந்திறங்கினார். அந்நகரம் அவருக்குத் தந்த முதல் அனுபவம் கசப்பானது. சுங்க அதிகாரிகள் கப்பலில் வந்த ஒவ்வொருவரின் மூட்டையையும் அவிழ்த்துத் துழாவினார்கள். பொருள் ஓராண்டு கையில் இருந்ததா என்று கூடக் கேளாமல் ஜகாத் என்ற பெயரில் வசூலித்தார்கள். கூட்ட நெரிசலில் பலருடைய பொருட்கள் காணாமற்போயின. இதனை வருத்தத்தோடு தம் பயணக் குறிப்பில் எழுதிய அதே இப்னு ஜுபைர், நகருக்குள் சென்றபின் வேறொரு காட்சியைக் கண்டார்.

தொலைதூர நாடுகளிலிருந்து கல்வி தேடி வந்தவர்களுக்கென்று அங்கே மதரஸாக்களும் விடுதிகளும் இருந்தன. வருபவருக்குத் தங்குமிடம், அவர் விரும்பும் கலையைக் கற்பிக்க ஓர் ஆசிரியர், தேவைகளுக்குப் போதுமான உதவித்தொகை ஆகியவை ஏற்பாடாகியிருந்தன. குளியலறைகளும், நோயுற்றால் சிகிச்சைபெற மருத்துவமனையும் இருந்தன. மக்ரிபிலிருந்து வந்த வழிப்போக்கர் ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு இரண்டு ரொட்டிகள் என்று சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபி நிர்ணயித்திருந்தார். சில நாட்களில் இரண்டாயிரம் ரொட்டிகளுக்கு மேல் வழங்கப்பட்டன என்றும், அதற்கான செலவு வக்ஃபு வருமானத்திலிருந்தும் ஜகாத்திலிருந்தும் வந்தது என்றும் அவர் எழுதுகிறார்.

அக்குறிப்பில் நம் மனத்தைத் தொடும் செய்தி இன்னொன்று. அயலூர்க்காரர்களில் சிலர், நோயுற்றும் மருத்துவமனைக்குச் செல்லக் கூச்சப்படுவார்கள். அவர்களைத் தேடிச் சென்று நலம் விசாரித்து, மருத்துவர்களிடம் தெரிவிப்பதற்கென்றே ஆட்கள் நியமிக்கப்பட்டிருந்தார்கள். உதவி கேட்கத் தயங்குபவனை நாமே தேடிச் செல்ல வேண்டும் என்பதை ஒரு நிர்வாக ஒழுங்காகவே அந்தச் சமூகம் அமைத்திருந்தது.

அடுத்த ஆண்டு திமிஷ்க் நகரை அடைந்த இப்னு ஜுபைர், தம் தாயக இளைஞர்களை நோக்கி, கல்வியில் உயர விரும்புவோர் இந்தக் கிழக்கு நாடுகளுக்கு வாருங்கள் என்று அழைப்பு விடுத்தார். இங்கே கிடைக்கும் உதவிகளிலெல்லாம் தலையாயது எது என்பதையும் சொன்னார். ஆசிரியரையோ நூலகத்தையோ அவர் முதலில் குறிப்பிடவில்லை. பிழைப்பைப் பற்றிய கவலையிலிருந்து மனம் விடுபடுவதையே முதலாவதாகச் சொன்னார். இக்கட்டுரை முழுவதும் நாம் பேசப்போவது அந்த ஒன்றைப் பற்றித்தான். அயலூரிலிருந்து வரும் மாணவனுக்குக் கல்விக்கூடத்தின் வாசலைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது. படித்து முடிக்கும்வரை அவனைச் சுமக்க வேண்டும்.

இதன் வேர் மதீனாவில் இருக்கிறது. நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலை ஒட்டிய திண்ணையில் தங்கியிருந்த தோழர்களை நாம் அறிவோம். அவர்களில் பெரும்பாலோர் ஊரையும் உறவையும் விட்டுவந்தவர்கள். வீடோ வணிகமோ இல்லாதவர்கள். யமன் நாட்டின் தவ்ஸ் குலத்திலிருந்து வந்த அபூஹுரைரா (ரலி) அவர்களில் ஒருவர். பசியால் வாடிய ஒருநாள் நபியவர்களிடம் ஒரு பாத்திரம் பால் வந்ததும், திண்ணைத் தோழர்கள் அனைவரையும் அழைத்துவரச் சொன்னதும், இவ்வளவு பேருக்கு இது எப்படிப் போதும் என்று அவர் உள்ளுக்குள் கலங்கியதும், எல்லோரும் வயிறார அருந்தியபின் அவரையும் அருந்தச் செய்து இறுதியாக நபியவர்கள் அருந்தியதும் புகாரியில் பதிவான நிகழ்ச்சி. அந்தப் பாலின் அற்புதத்தைப் பேசும் நாம், அதிலுள்ள ஒழுங்கையும் கவனிக்க வேண்டும். கற்க வந்தவர்களின் பசி, கற்பித்தவரின் பொறுப்பாக இருந்தது. அவ்வாறு பேணப்பட்ட அபூஹுரைரா (ரலி) அவர்களே பின்னாளில் மிக அதிகமான நபிமொழிகளை இந்த உம்மத்துக்கு அறிவித்தவரானார்.

திண்ணையில் தொடங்கிய இவ்வழக்கம் பின்னர் நிறுவனமாக வளர்ந்தது. பக்தாதில் 1234-இல் திறக்கப்பட்ட முஸ்தன்ஸிரிய்யா மதரஸாவில் நான்கு மத்ஹபுகளின் மாணவர்களுக்கும் இருப்பிடமும் உணவும் உதவித்தொகையும் வழங்கப்பட்டன. கெய்ரோவின் அல்அஸ்ஹரில் 'ரிவாக்' என்னும் ஏற்பாடு உருவாயிற்று. தூண்களுக்கிடையே அமைந்த கூடம் என்பது இச்சொல்லின் பொருள். மக்ரிபியருக்கு ஒன்று, ஷாம் நாட்டவருக்கு ஒன்று, துருக்கியருக்கு ஒன்று, ஜாவா தீவினருக்கு ஒன்று, நம் இந்தியாவிலிருந்து சென்றவர்களுக்கு ஒன்று என ஒவ்வொரு நாட்டு மாணவருக்கும் ஒரு ரிவாக் நாளடைவில் அமைந்தது. அதற்கெனத் தனி வக்ஃபுகளும், நாள்தோறும் ரொட்டிப் பங்கீடும், மாணவர்களைக் கவனிக்க அந்நாட்டைச் சேர்ந்த ஒரு ஷைகும் இருந்தனர். மொழியறியாத நகரில் வந்திறங்கும் இளைஞனுக்குத் தன் மொழி பேசும் ஒரு பெரியவர் கிடைத்தார்.

ஆனால் இந்த வரலாறு தடையின்றி ஓடிய ஆறு அன்று. ஹிஜ்ரி 818, அதாவது 1415-இல் நிகழ்ந்ததை வரலாற்றாசிரியர் மக்ரீஸி பதிவு செய்திருக்கிறார். அப்போது அல்அஸ்ஹரில் பாரசீகர், ஸைலா பகுதியினர், மக்ரிபியர், எகிப்தின் கிராமத்தார் என 750 ஏழைகள் தங்கிக் கற்றுவந்தார்கள். பள்ளியின் மேற்பார்வையை ஏற்ற சுதூப் என்னும் அமீர், இனி எவரும் அங்கே தங்கக்கூடாது என்று ஆணையிட்டு அவர்களை வெளியேற்றினார். அவர்களுடைய பெட்டிகளும் குர்ஆன் பலகைகளும் அகற்றப்பட்டன. பள்ளியைத் தூய்மைப்படுத்தி நன்மை சேர்ப்பதாகவே அந்த அமீர் எண்ணினார். மக்ரீஸியோ, ஒதுங்க இடமின்றி ஏழைகள் சிதறிப்போன அச்செயலைப் பெரும் அநீதியென்றே எழுதுகிறார்.

எனினும் ரிவாக்குகள் மறையவில்லை. சுமார் நூறாண்டுகள் கழித்து ஸைலாவை ஒட்டிய ஜபர்த் பகுதியிலிருந்து ஒருவர் கெய்ரோவுக்குக் கல்வி தேடி வந்தார். ஜபர்த் மாணவர்களின் ரிவாக்குக்குத் தலைவராகவும் ஆனார். அப்பொறுப்பு அவர் குடும்பத்தில் தலைமுறைகளாகத் தொடர்ந்தது. அக்குடும்பத்தில் 1753-இல் பிறந்த அப்துர் ரஹ்மான் அல்ஜபர்தீதான், 1798-இல் நெப்போலியன் எகிப்தின்மீது படையெடுத்ததைக் கண்ணால் கண்டு எழுதிய மாபெரும் வரலாற்றாசிரியர். எகிப்து தன் வரலாற்றை அறிய இன்றும் நாடுவது, புலம்பெயர்ந்து வந்த ஒரு மாணவரின் வழித்தோன்றல் எழுதிய நூலையே.

இனி நம் காலத்துக்கு வருவோம். இன்று உலகெங்கிலுமிருந்து குடும்பங்கள் சென்று குடியேறும் நாடு அமெரிக்கா. நம் தமிழ் முஸ்லிம் குடும்பங்களும் அங்கே வாழ்கின்றன. அந்நாட்டிலும் சுங்கவாசலின் கடுமையும் விடுதியின் கருணையும் அருகருகே இருப்பதைக் காண்கிறோம்.

குடியேற்ற ஆவணங்கள் இல்லாத பெற்றோர் சிறுவயதில் அழைத்துவந்த பிள்ளைகளின் கதை அது. அப்பிள்ளைகளுக்காகப் பள்ளிகளுக்கு நிதி தரமாட்டோம் என்று டெக்சாஸ் மாநிலம் 1975-இல் சட்டம் இயற்றியது. டைலர் என்னும் ஊரின் பள்ளி நிர்வாகம் பிள்ளை ஒன்றுக்கு ஆண்டுக்கு 1,000 டாலர் கட்டணம் கேட்டது. கூலி வேலை செய்த நான்கு குடும்பங்கள் வழக்குத் தொடுத்தன. நீதிமன்றத்துக்குப் போன நாளில், அங்கேயே பிடித்து நாடுகடத்திவிடுவார்களோ என்று அஞ்சி, உடைமைகளைக் காரில் ஏற்றிக்கொண்டே அவர்கள் சென்றார்கள். 1982 ஜூன் 15 அன்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், அப்பிள்ளைகளுக்குப் பள்ளியின் கதவை அடைக்கலாகாது என்று தீர்ப்பளித்தது.

ஆனால் அத்தீர்ப்பு பள்ளியோடு நின்றது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மறுநாள் அப்பிள்ளை மீண்டும் அந்நியனானான். நடுவண் அரசின் கல்வி உதவி அவனுக்குக் கிடையாது. பல மாநிலங்களில், உள்ளூரில் வளர்ந்திருந்தும் வெளியூர் மாணவருக்குரிய பன்மடங்குக் கட்டணம். 2001-இல் டெக்சாஸும் கலிபோர்னியாவும் உள்ளூர்க் கட்டணத்தை இவர்களுக்கும் அனுமதித்தன. நிரந்தரத் தீர்வுக்கான 'ட்ரீம்' மசோதா அதே ஆண்டு முன்வைக்கப்பட்டு இன்றுவரை சட்டமாகவில்லை. 2012 ஜூன் 15 அன்று அதிபர் ஒபாமா அறிவித்த 'டாக்கா' ஏற்பாடு, இரண்டிரண்டு ஆண்டுகளாகப் புதுப்பிக்கத்தக்க பாதுகாப்பையும் வேலை அனுமதியையும் தந்தது. 2017-இல் அதனை ரத்து செய்வதாக அடுத்த அரசு அறிவித்தது. ரத்து செய்த முறை சரியன்று என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தடுத்தது. முதன்முதலில் உள்ளூர்க் கட்டணம் தந்த டெக்சாஸிலேயே 2025 ஜூனில் அச்சலுகை நீதிமன்ற ஆணையால் முடிவுக்கு வந்தது. ஒரு தலைமுறை மாணவர்கள் ஒவ்வொரு ஆணையின் பின்னும் தம் பெட்டிகளைக் கட்டுவதா அவிழ்ப்பதா என்று தெரியாமல் படித்திருக்கிறார்கள்.

இந்த இடைவெளியில்தான் தொண்டு நிறுவனங்கள் வந்து நின்றன. 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழின் முன்னாள் உரிமையாளர் டொனால்ட் கிரஹாம் உள்ளிட்ட சிலர் தொடங்கிய 'தி ட்ரீம் டாட் யூ.எஸ்.' என்னும் அமைப்பு 2014 முதல் இத்தகைய மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்குகிறது. இதுவரை பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதனால் கல்லூரியில் சேர்ந்திருக்கிறார்கள். அந்த அமைப்பின் முறை நாம் கவனிக்க வேண்டியது. கட்டணம் தாங்கக்கூடியதாகவும் மாணவரைப் பட்டம்வரை கொண்டுசெல்லும் அக்கறை உள்ளதாகவும் இருக்கும் கல்லூரிகளோடு மட்டுமே அது உடன்பாடு செய்துகொள்கிறது. உதவி ஓராண்டுக்கன்று, பட்டம் பெறும்வரை.

இவ்வாறு முடிவுவரை தாங்குவது உண்மையில் பயன் தருகிறதா? நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007-இல் தொடங்கிய 'ஏசாப்' திட்டம் விடை தருகிறது. புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகள் பெருமளவில் படிக்கும் அதன் இரண்டாண்டுக் கல்லூரிகளில், ஏழை மாணவர்களுக்குக் கட்டணத்தில் விடுபட்ட தொகை, பாடநூல் உதவி, இலவசப் பேருந்து-ரயில் அட்டை, அடிக்கடி சந்தித்தே ஆகவேண்டிய ஓர் ஆலோசகர் ஆகியவை தரப்பட்டன. எம்.டி.ஆர்.சி. என்னும் இலாப நோக்கற்ற ஆய்வு நிறுவனம் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து ஒப்பிட்டது. மூன்றாண்டுகளில் படிப்பை முடித்தோர் உதவி பெறாத குழுவில் 22 விழுக்காடு. உதவி பெற்ற குழுவில் 40 விழுக்காடு. மாணவர் ஒருவருக்கான செலவு கூடியது உண்மை. ஆனால் முடித்தவர் தொகை பெருகியதால், பட்டம் ஒன்றுக்கான செலவு குறைந்தது. பயண அட்டையும் ஆலோசகரும் என்ன? இஸ்கந்தரிய்யாவின் இரண்டு ரொட்டிகளும், நலம் விசாரிக்கத் தேடிவந்த மனிதரும், ரிவாக்கின் ஷைகும்தாம். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் நம் முன்னோர் நடைமுறையில் வைத்திருந்ததை இவர்கள் ஆய்வு செய்து கண்டறிந்திருக்கிறார்கள்.

இதைப் பெருமையாகச் சொல்லிவிட்டு நாம் எழுந்து போய்விடலாகாது. இன்று நம் ஜமாஅத்துகளிலும் சங்கங்களிலும் கல்வி உதவி எப்படி நடக்கிறது? ஜூன் மாதத்தில் மேடை அமைத்து, காசோலை வழங்கி, படம் எடுத்துக்கொள்கிறோம். அந்த மாணவன் மூன்றாம் பருவத்தில் தேர்வுக் கட்டணம் கட்டினானா, தந்தை நோயுற்றபோது படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போய்விட்டானா என்று விசாரிப்பவர் எத்தனை பேர்? இரண்டாம் ஆண்டில் நின்றுபோன படிப்புக்குச் சான்றிதழ் இல்லை. நாம் கொடுத்த பணத்துக்கும் பயன் இல்லை. கேட்பதற்குக் கூச்சப்பட்டே நின்றுபோன பிள்ளைகள் நம் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள்.

ஆகவே பத்துப் பேருக்கு ஒருமுறை கொடுப்பதைவிட நால்வரை இறுதியாண்டுவரை தாங்குவதென்று ஒரு பைத்துல்மால் முடிவெடுக்கலாம். ஒவ்வொரு மாணவருக்கும் ஊரில் படித்த ஒருவரைப் பொறுப்பாக்கி, மாதம் ஒருமுறை அவரே சென்று விசாரிக்கும்படி செய்யலாம். வெளிநாடுகளில் வாழும் நம்மவர்கள், புதிதாக வந்திறங்கும் மாணவருக்கு ரிவாக்கின் ஷைகாக இருக்கலாம். ஜகாத்தை இதற்கு எந்த அளவில் பயன்படுத்தலாம் என்பதை அவரவர் ஊர் ஆலிம்களிடம் கேட்டறிந்துகொள்வது நல்லது. ஸதகாவுக்கும் வக்ஃபுக்கும் வாசல் எப்போதும் திறந்தே இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஜகாத் பெறத்தக்க எட்டு வகையினரில் வழிப்போக்கரையும் அல்லாஹ் சேர்த்திருக்கிறான். இன்று நம் ஊர்ப் பள்ளிவாசல்களின் ஜும்ஆ வரிசையில் வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் நம் தோளோடு தோள் நிற்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளில் எத்தனை பேர் நம் பள்ளிகளில் படிக்கிறார்கள், அவர்களில் எவரேனும் கல்லூரிவரை போகமுடியுமா என்று நாம் கேட்டதுண்டா? அல்அஸ்ஹரில் இந்தியருக்கென்று ஒரு ரிவாக் இருந்தது. அங்கே நம் நாட்டு மாணவர்கள் அயலார் தந்த ரொட்டியை உண்டே கற்றார்கள். அந்தக் கடன் இன்னும் தீரவில்லை.

கற்க வந்தவரை இடைவழியில் கைவிடாத சமூகமாக நம்மை வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.