"பிரேக்தான் சார் மிதிச்சேன்": நிற்க மறுத்த கார்களின் கதை

நீண்ட பதிவு மக்களே. வீட்டில் ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள் கடைசி வரை படிச்சிடுங்க.

சில மாதங்களுக்கு முன் கேஷுவால்டி டியூட்டியில் இருந்தபோது ஒரு பெரியவரைக் கொண்டு வந்தாங்க. ஓய்வு பெற்றவர். மகன் வாங்கிக் கொடுத்த புது ஆட்டோமேட்டிக் காரை வீட்டு வாசலில் இருந்து எடுத்திருக்கார். கார் சீறிப் போய் எதிர் வீட்டுச் சுவரில் மோதிடுச்சு. விலா எலும்பு ரெண்டு முறிவு. நல்லவேளை, தெருவில் யாரும் இல்லை.

ஊசி போடும்போதும், எக்ஸ்ரே எடுக்கும்போதும் அவர் சொன்னது ஒரே வாக்கியம்தான்: "பிரேக்தான் சார் மிதிச்சேன்."

வெளியில் மகன் என்னிடம் மெதுவா சொன்னார்: "வயசாயிடுச்சு டாக்டர், தப்பா மிதிச்சிட்டு ஒத்துக்க மாட்டேங்குறாரு."

தப்பு காரிலா, காலிலா? இந்தக் கேள்விக்கு சுமார் 40 வருஷ வரலாறு இருக்கு.

1986 நவம்பர். அமெரிக்காவின் புகழ்பெற்ற '60 மினிட்ஸ்' டிவி நிகழ்ச்சியில் ஆடி 5000 கார் பற்றி ஒரு செய்தித் தொகுப்பு. கியரை மாற்றியதும் கார் தானாகப் பாய்கிறது, பிரேக் மிதித்தும் நிற்கவில்லை என்று ஓட்டியவர்கள் சொன்னார்கள். ஆக்சிலரேட்டர் பெடல் தானாகக் கீழே இறங்கும் காட்சியையும் காட்டினார்கள். பார்த்தவர்களுக்கு தூக்கம் வருமா?

அந்தக் காட்சிக்காக காரின் கியர் பெட்டியில் துளை போட்டு, வெளியில் இருந்து காற்றழுத்தம் கொடுத்திருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிய வந்தது. ஆனால் அடி விழுந்தது விழுந்ததுதான். 1985இல் அமெரிக்காவில் சுமார் 74,000 கார் விற்ற ஆடி, 1991இல் சுமார் 12,000க்கு இறங்கியது.

1989இல் அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்புத் துறை ஆய்வறிக்கை வந்தது. பெரும்பாலான சம்பவங்களில் ஓட்டுநர் பிரேக்குக்குப் பதில் ஆக்சிலரேட்டரை மிதித்திருக்கிறார் என்றது அது.

அப்போ ஓட்டுநர்கள் பொய் சொன்னார்களா? இல்லைங்க. இங்கேதான் என் துறை வருது.

கார் ஓட்டும்போது நாம் பாதத்தைப் பார்ப்பதில்லை. 'பிரேக்' என்று மூளை ஆணை போட்டதும் கால் தன் பழக்கத்தில் போகுது. உட்கார்ந்த கோணமோ, திரும்பிப் பார்த்த உடம்போ கொஞ்சம் மாறினால் பாதம் சில சென்டிமீட்டர் தள்ளி விழும். ஆனால் மூளையின் பதிவேட்டில் 'பிரேக்கை மிதித்தாயிற்று' என்றே இருக்கும்.

கார் பாயுது. திடுக்கிடல். அட்ரினலின் ஏறுது. பிரேக் பிடிக்கலையே என்று மூளை என்ன சொல்லும்? இன்னும் அழுத்து என்று சொல்லும். ஆக்சிலரேட்டர் தரையைத் தொடும். அதே 1989இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழக உளவியலாளர் ரிச்சர்ட் ஷ்மிட் இதைத்தான் விரிவாக எழுதினார்.

ஆகவே அந்தப் பெரியவர் பொய் சொல்லவில்லை. தான் நம்பியதைச் சொன்னார்.

சரி, அப்போ எல்லாமே மனிதத் தவறுதானா? அவசரப்படாதீங்க. அடுத்த அத்தியாயம் அதைப் புரட்டிப் போட்டது.

2009 ஆகஸ்ட் 28. சான் டியாகோ அருகே நெடுஞ்சாலையில் லெக்சஸ் ஈஎஸ் 350 கார் ஒன்று மணிக்கு 160 கிலோமீட்டருக்கும் மேல் ஓடிக்கிட்டு இருக்கு. உள்ளே நான்கு பேர், ஒரே குடும்பம். அதில் ஒருவர் 911க்கு போன் செய்கிறார். ஆக்சிலரேட்டர் மாட்டிக்கிச்சு, பிரேக் பிடிக்கல, ரோடு முடியும் சந்திப்பு வந்துக்கிட்டு இருக்கு என்கிறார். அழைப்பு அறுந்து போகுது. நான்கு பேரும் இறந்துட்டாங்க.

ஓட்டியவர் யார் தெரியுமா? நெடுஞ்சாலை ரோந்து போலீஸ் அதிகாரி. அன்று டியூட்டியில் இல்லை. சாலையே தொழிலாக இருந்தவரை 'ஓட்டத் தெரியாதவர்' என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

நடந்தது என்ன? அவருடைய சொந்தக் கார் சர்வீஸில் இருந்தது. இது தற்காலிகமாகக் கொடுத்த கார். அதில் வேறு மாடலுக்கான ரப்பர் கால்மிதி போடப்பட்டிருந்தது. அதன் விளிம்பில் ஆக்சிலரேட்டர் மாட்டிக்கொண்டது. அதற்கு முன் அதே காரை எடுத்துப்போன இன்னொரு வாடிக்கையாளருக்கும் இதேதான் நடந்திருக்கு. அவர் எப்படியோ நிறுத்தி, திருப்பிக் கொடுக்கும்போது சொல்லியும் இருக்கார்.

அவர் பிரேக் மிதிக்காமல் இல்லை. பிரேக் பாகங்கள் சூட்டில் கருகிப் போயிருந்தன. ஆக்சிலரேட்டர் முழுசா திறந்திருக்கும்போது, பிரேக்குக்கு உதவும் வெற்றிட விசை எஞ்சினில் உருவாகாது. சேமிப்பில் இருப்பது மட்டும்தான். விட்டு விட்டு மிதித்தால் அதுவும் காலி. அப்புறம் பெடல் கல் மாதிரி ஆகிடும்.

எஞ்சினை அணைத்திருக்கலாமே? அது சாவி இல்லாத பட்டன் கார். ஓடும்போது அணைக்க பட்டனை மூன்று விநாடி தொடர்ந்து அழுத்திப் பிடிக்கணும். சொந்தக் கார் இல்லை, யாரும் சொல்லித் தரவும் இல்லை. அந்த வேகத்தில் மூன்று விநாடி என்பது 130 மீட்டருக்கும் மேல்.

அதன்பின் டொயோட்டா லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தது. முதலில் கால்மிதிப் பிரச்சினை. 2010 ஜனவரியில், அழுத்தினால் சரியாக மேலே எழாத பெடலுக்காக இன்னொரு 23 லட்சம் கார்கள். பிப்ரவரியில் நிறுவனத் தலைவர் அகியோ டொயோடா அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் நேரில் வந்து மன்னிப்புக் கேட்டார்.

இதற்குள் இன்னொரு சந்தேகம் கிளம்பியது. பழைய கார்களில் பெடலுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஒரு கேபிள் இருக்கும். புதுக் கார்களில் பெடல் ஒரு சென்சார். கம்ப்யூட்டர்தான் த்ராட்டிலைத் திறக்குது. அந்த மென்பொருளே தப்பு செய்தால்?

நாசாவையே அழைத்தார்கள். பத்து மாத ஆய்வுக்குப் பின் 2011 பிப்ரவரியில் அறிக்கை: கார் கட்டுப்பாடின்றிப் பாயும் அளவுக்கு எலக்ட்ரானிக் கோளாறு எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஆனால் ஆதாரம் கிடைக்கவில்லை என்பதால் அப்படி நடக்கவே முடியாது என்று ஆகாது என்றும் அதே அறிக்கை சொன்னது. எங்க பாஷையில் சொன்னால், முதல் எக்ஸ்ரே நார்மல் என்பதற்காக எலும்பு முறியவே இல்லை என்று எழுதிட முடியாது.

2013இல் ஓக்லஹோமாவில் நடந்த வழக்கில் மைக்கேல் பார் என்ற மென்பொருள் நிபுணர், கேம்ரி காரின் நிரலில் இருந்த குறைகளை நீதிமன்றத்தில் விளக்கினார். ஜூரி டொயோட்டாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2014இல், கால்மிதி, பெடல் குறைகள் பற்றி மக்களைத் தவறாக நம்ப வைத்ததற்காக அமெரிக்க அரசுக்கு 120 கோடி டாலர் கட்ட அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது.

இப்போ கதை எந்தப் பக்கம்? மறுபடியும் மாறும். 2024 ஜூலை 1, தென்கொரியாவின் சியோல். மாநகர மன்றம் அருகே ஒரு கார் நடந்து போனவர்கள் மீது பாய்ந்து ஒன்பது பேர் இறந்தனர். 68 வயது ஓட்டுநர் பிரேக் பிடிக்கவில்லை என்றே சொன்னார். தடயவியல் சோதனையில் அவருடைய வலது ஷூவின் அடியில் ஒரு பெடலின் தடம் பதிந்திருந்தது. அது ஆக்சிலரேட்டரின் தடம்.

ஆக, சில நேரம் கால், சில நேரம் கார். இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. உயிர்களைக் காப்பாற்றும் மாற்றங்கள், 'யார் தப்பு' என்ற சண்டைக்கு வெளியில் இருந்து வந்தவை. பிரேக்கை மிதித்தால்தான் கியர் 'பி'யில் இருந்து நகரும் என்ற பூட்டு, ஆடி விவகாரத்துக்குப் பின் பரவியது. இரண்டு பெடலும் அழுந்தினால் பிரேக்குக்கே முன்னுரிமை என்ற ஏற்பாடு, 2009க்குப் பின் பரவலானது. தவறி அழுத்தினாலும் கார் பாயாமல் தடுக்கும் கருவியை ஜப்பான் 2028 முதல் புதிய ஆட்டோமேட்டிக் கார்களில் கட்டாயமாக்குது.

மனிதன் தவறுவான், இயந்திரமும் தவறும் என்று ஏற்றுக்கொண்டு செய்தவை இவை.

கேஷுவால்டியிலும் அப்படித்தான். மயங்கி வந்தவருக்கு முதலில் மூச்சுக்குழாய், சுவாசம், ரத்த ஓட்டம். ஏன் மயங்கினார் என்பது அப்புறம். காரிலும் அதே வரிசை வேணும்:

1. காலை எல்லாப் பெடலில் இருந்தும் ஒரு முறை முழுசா எடுங்க. தப்பான பெடலாக இருந்தால் பிரச்சினை அங்கேயே முடிஞ்சுது.

2. அப்புறமும் பாய்ந்தால் பிரேக்கை ஒரே அழுத்தாக முழு பலத்தோடு மிதிங்க. விட்டு விட்டு மிதிக்காதீங்க.

3. கியரை 'என்'னுக்குத் தள்ளுங்க. எஞ்சின் அலறும், அலறட்டும். சக்கரத்துக்கு சக்தி போகாது.

4. ஓரமாக நின்ற பிறகு எஞ்சினை அணைங்க. ஓடும்போது அணைத்தால் ஸ்டீயரிங் கனத்துப் போகும். நியூட்ரலே விழவில்லை என்றால் மட்டும் பட்டனை அழுத்திப் பிடிங்க. சாவி உள்ள காரில் சாவியை உருவாதீங்க, ஸ்டீயரிங் பூட்டிக்கும்.

5. கால்மிதி மேல் இன்னொரு கால்மிதி போடாதீங்க. கொக்கி இருந்தால் மாட்டுங்க.

யாருடைய தப்பாக இருந்தாலும் வரிசை இதுதான். ஆனால் படித்தால் மட்டும் போதாது. பயத்தில் மூளை புதுசா யோசிக்காது, பழகியதைத்தான் செய்யும். ஆள் இல்லாத மைதானத்தில் மெதுவாக ஓட்டிக்கொண்டே 'டி'யில் இருந்து 'என்'னுக்கு மாற்றிப் பழகுங்க. பத்து முறை போதும். உங்க காரில் பட்டனை எவ்வளவு நேரம் அழுத்தணும் என்று கையேட்டில் பாருங்க.

அந்தப் பெரியவர் டிஸ்சார்ஜ் ஆகும்போது கேட்டார்: "நீங்களாவது நம்புறீங்களா சார்?"

"நம்புறேன் ஐயா. நீங்க பிரேக் மிதிக்கத்தான் நினைச்சீங்க" என்றேன். மகனிடம் தனியாகச் சொன்னேன்: "சாவியைப் பிடுங்குறதுக்கு முன்னாடி, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. அவருக்கு முன்னாடி நீங்க பழகுங்க."

இன்று இரவு உங்க வீட்டில் கார் ஓட்டும் எல்லோரிடமும் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "கார் நிக்கலைன்னா என்ன செய்வீங்க?"

'நியூட்ரல்' என்ற பதில் உடனே வரலைன்னா, இந்தப் பதிவை அவங்களுக்கு அனுப்புங்க.