கம்பத்தில் வீடு விற்கப் போறீங்களா? பெயின்ட் அடிப்பதற்கு முன் கவனிக்க வேண்டியவை என்னென்ன?

"பார்ட்டி வந்தாங்க, சுத்திப் பாத்தாங்க, வீட்ல கலந்துக்கிட்டுச் சொல்றோம்னாங்க. அப்புறம் ஒரு போனும் இல்ல." வீடு விற்க முயன்றவர்கள் பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும். உடனே குடும்பத்தில் ஒருவர் சொல்வார்: "ஒரு கோட்டிங் பெயின்ட் அடிச்சுப் போட்டா பளிச்சுன்னு இருக்கும், போயிரும்."

பெயின்ட் அடித்தால் வீடு பளிச்சென்று ஆகும், உண்மைதான். ஆனால் தேனி மாவட்டம் கம்பம் பகுதியில் வீடு வாங்க வருபவர் பெயின்டை மட்டும் பார்த்துவிட்டுப் போவதில்லை. மொட்டை மாடிக்கு ஏறிப் பார்ப்பார், போரில் தண்ணீர் எத்தனை அடியில் என்று கேட்பார், கடைசியில் "பத்திரத்தோட ஜெராக்ஸ் ஒண்ணு கொடுங்க" என்பார். பெரும்பாலான பேரங்கள் அந்த ஜெராக்ஸில்தான் நின்றுபோகின்றன.

விற்பனைக்கு முன் வீட்டை அலங்கரித்துக் காட்டுவது அமெரிக்காவில் 1970-களில் தனித் தொழிலாகவே உருவானது. பார்ப் ஷ்வார்ஸ் என்ற ரியல் எஸ்டேட் ஏஜென்ட் அதைத் தொடங்கி வைத்தவராகச் சொல்லப்படுகிறார். வாடகைக்கு சோபா, திரைச்சீலை, பூ ஜாடி எல்லாம் கொண்டுவந்து வைத்து வீட்டைக் காட்டுவார்கள். நம்ம ஊரில் பொங்கலுக்கு முன் வெள்ளையடித்து, பரணைக் காலி செய்து, வாசல் தெளித்துக் கோலம் போடுகிறோமே, அந்த அளவு செய்தாலே அலங்காரம் போதும். மிச்சப் பணம் வேறு இடத்தில் தேவைப்படும்.

முதலில் ஓதம், பிறகுதான் பெயின்ட்

கம்பம் பள்ளத்தாக்கில் ஜூன் தொடங்கினால் மேற்கிலிருந்து காற்றும் சாரலும். அக்டோபரில் இருந்து வடகிழக்குப் பருவமழை. ஆடி, மார்கழி மாதங்களில் வீடு வாங்க, கிரயம் பண்ண பெரும்பாலானோர் தயங்குவார்கள். ஆவணியிலும் தையிலும்தான் ஆட்கள் தேடி வருவார்கள். இரண்டுமே மழைக்காலத்தை ஒட்டி வரும் மாதங்கள். சுவரில் ஓதம் இருந்தால் அது நன்றாகத் தெரிகிற நேரத்தில்தான் வாங்குபவர் வாசலில் வந்து நிற்பார்.

அதனால் சுவர் வேலையை மாசி, பங்குனி, சித்திரையில், சுவர் காய்ந்திருக்கும்போதே முடிப்பது நல்லது. ஈரச் சுவரில் பட்டி பார்த்து எமல்ஷன் அடித்தால் முதல் சாரலிலேயே கொப்புளம் கிளம்பும். பழைய ஓதத்தைவிடப் புது பெயின்டில் கிளம்பும் கொப்புளம் வாங்குபவரை அதிகமாகப் பயமுறுத்தும். எதையோ மறைக்கப் பார்த்திருக்கிறார்கள் என்று அது காட்டிக்கொடுத்துவிடும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஒரு முழம் அளவு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் ஒட்டி, நான்கு ஓரமும் டேப் போட்டு இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவே நீர் கோத்தால் ஈரம் சுவருக்குள் இருந்து வருகிறது. தாளின் வெளிப்பக்கம் மட்டும் நனைந்தால் அறையில் காற்றோட்டம் போதவில்லை. உள்ளிருந்து வருகிறது என்றால் மாடித் தட்டோட்டில் விரிசல், மழைநீர்க் குழாயில் அடைப்பு, பாத்ரூம் சுவரில் கசிவு, தரையில் இருந்து ஏறும் ஈரம் என நாலு சந்தேகம். முதல் மூன்றையும் கொத்தனாரும் பிளம்பரும் பெரும்பாலும் சில நாட்களில் சரிசெய்துவிடுவார்கள். தரையில் இருந்து ஏறும் ஈரத்தை முழுதாக நிறுத்துவது செலவு பிடிக்கும். அதை மறைக்காமல் சொல்லி, விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது மேல்.

மறைத்தால் என்ன ஆகும்?

1882-ம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், 55-வது பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. சொத்திலோ உரிமையிலோ முக்கியமான குறை இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவர் சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாதது என்றால், விற்பவர் அதைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விடுவதை மோசடியாகவே அந்தப் பிரிவு கருதுகிறது. கண்ணுக்குத் தெரியும் விரிசல் வேறு. பட்டி பூசி மூடிய விரிசல் வேறு.

சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். பணக் கணக்கும் இதையேதான் சொல்கிறது. பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். எது நல்ல வண்டி, எது ஓட்டை வண்டி என்று வாங்குபவருக்குத் தெரியாதபோது, எல்லா வண்டிக்கும் ஓட்டை வண்டியை மனதில் வைத்தே விலை கேட்பார் என்பது அதன் சாரம். 2001-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பழைய வீட்டுக்கும் இது அப்படியே பொருந்தும். "உள்ள என்ன இருக்கோ" என்ற பயத்துக்கும் சேர்த்துத்தான் அவர் விலையைக் குறைத்துக் கேட்கிறார். அந்தப் பயத்தைப் போக்கினால் விலை நிற்கும்.

வந்தவர் எதையெல்லாம் பார்ப்பார்?

வாசலில் வண்டி நிற்குமா என்பது முதல் கேள்வி. கம்பத்தில் இடுக்கி மலையில் ஏலத்தோட்டம் வைத்திருப்பவர்கள், தோட்ட வேலைக்கு ஜீப்பில் போய் வருபவர்கள், வியாபாரிகள் அதிகம். ஜீப் நிறுத்த இடம், நாலு மூட்டை இறக்கி வைக்கத் திண்ணையோ ஷெட்டோ இருந்தால் அதைக் காலி செய்து காட்டுங்கள். பழைய சைக்கிள், உடைந்த கட்டில் போட்டு வைத்த ஷெட் யார் கண்ணிலும் இடமாகப் படாது.

அடுத்து தண்ணீர். நகராட்சிக் குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை, எவ்வளவு நேரம் வருகிறது என்று உள்ளதைச் சொல்லுங்கள். போர் இருந்தால் மோட்டாரைப் போட்டுக் காட்டுங்கள். சம்ப்பையும் மேல்தொட்டியையும் கழுவி வைத்திருக்க வேண்டும். தொட்டி மூடியைத் திறந்து பார்க்காமல் போகிறவர்கள் குறைவு.

நிலை, ஜன்னல் கட்டைகளில் கரையான், அதாவது அந்தப் பக்கத்துப் பேச்சில் 'செல்லு', அரித்திருக்கிறதா என்று நகத்தால் கீறிப் பார்ப்பவர்களும் உண்டு. அரித்த கட்டையை மாற்றி, மருந்து அடித்த ரசீதை எடுத்து வையுங்கள். ஒழுகும் பைப், எரியாத பல்பு, திறக்க மல்லுக்கட்ட வேண்டிய கதவு எல்லாம் சில நூறு ரூபாய் வேலை. ஆனால் வந்தவர் இதைப் பார்த்தே "பராமரிப்பே இல்லாத வீடு" என்று முடிவு கட்டிவிடுவார். செப்டிக் டேங்க் எங்கே இருக்கிறது, கடைசியாக எப்போது சுத்தம் செய்தது என்பதற்கும் பதில் தயாராக இருக்கட்டும்.

வாஸ்து கேட்பார்களா? கேட்பார்கள். அதற்காகச் சுவரை இடித்து, சமையலறையை மாற்றி வைப்பது வீண் செலவு. ஒருவர் சொல்லும் வாஸ்து அடுத்தவருக்குப் பொருந்தாது. விற்கப்போகும் வீட்டில் மாடுலர் கிச்சன் போடுவதும் இதே ரகம். வாங்குபவர் அதைத் தன் விருப்பப்படி மாற்றத்தான் போகிறார்.

சென்னையிலோ வெளிநாட்டிலோ இருந்துகொண்டு பூட்டியே வைத்திருக்கும் வீடு என்றால், ஆட்களைக் கூட்டி வருவதற்கு ஒரு வாரம் முன்பே ஜன்னல்களைத் திறந்துவிடச் சொல்லுங்கள். எலி, வவ்வால், அடைந்த வாடை இவற்றை எந்தப் பெயின்டும் மறைக்காது. வாடகைக்கு ஆள் இருந்தால் எப்போது காலி செய்வார் என்பதை எழுத்தில் வாங்கி வைப்பது நல்லது. "அவர் சொன்னதும் போயிருவார்" என்ற வாய்வார்த்தையை யாரும் நம்ப மாட்டார்கள்.

பத்திரக் கட்டு தயாரா?

வீட்டின் அழகைவிட இந்தக் கட்டுதான் விலையைத் தாங்கிப் பிடிக்கும். மூலப் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப் பத்திரங்கள், வில்லங்கச் சான்று, பட்டா, கட்டட வரைபட அனுமதி, சொத்து வரி, தண்ணீர் வரி ரசீதுகள், மின் கட்டண அட்டை. எல்லாம் ஒரே பெயரில், ஒரே சர்வே எண்ணில், ஒரே அளவில் இருக்கிறதா என்று விற்பவரே முதலில் பார்க்க வேண்டும்.

தமிழ்நாடு பதிவுத்துறையின் டி.என்.ரெஜிநெட் தளத்தில் வில்லங்க விவரத்தை வீட்டில் இருந்தே பார்க்கலாம். வாங்குபவரும் அதையே பார்ப்பார். அங்கே பலர் அதிர்ச்சியாவது ஒரு பழைய வங்கிக் கடனால். கடன் கட்டி முடித்து எத்தனையோ வருடம் ஆகியிருக்கும், ஆனால் அடமானம் வில்லங்கத்தில் அப்படியே நிற்கும். அடமானப் பதிவு செய்திருந்தால், கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். வங்கி 'நோ டியூஸ்' கடிதம் கொடுத்துவிட்டது என்று இருந்துவிடக் கூடாது. கடன் முழுதாக முடிந்த 30 நாட்களுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு ரூ.5,000 இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் உத்தரவிட்டது. 2023 டிசம்பர் 1 முதல் திரும்பப் பெற வேண்டிய ஆவணங்களுக்கு இது பொருந்தும்.

பட்டா இன்னும் தாத்தா பெயரிலா? பத்திரத்தில் 5 சென்ட், பட்டாவில் நாலே முக்கால் சென்ட்டா? இதையெல்லாம் ஆள் வந்தபிறகு சரிசெய்யத் தொடங்கினால் மாதக்கணக்கில் இழுக்கும். அதற்குள் அவர் சின்னமனூரிலோ உத்தமபாளையத்திலோ வேறு வீடு பார்த்துவிடுவார். வங்கிக் கடனில் வாங்குபவர் என்றால் இன்னும் கறார். வங்கியின் வழக்கறிஞர் பெரும்பாலும் 30 ஆண்டு வில்லங்கம் கேட்பார். வரைபட அனுமதி இல்லாத மாடிக்கும், அங்கீகாரம் இல்லாத மனைக்கும் கடன் கிடைப்பது சிரமம். மனை வரன்முறை செய்யப்பட்டிருந்தால் அந்த உத்தரவைக் கட்டின் மேலேயே வையுங்கள்.

யார் யார் கையெழுத்து போட வேண்டும்?

"அப்பா வீடு, அண்ணன் தம்பி ரெண்டு பேரும் பேசிட்டோம்" என்று தொடங்கும் விற்பனைகள் பல, சகோதரிகளின் பங்கில் வந்து முட்டி நிற்கின்றன. அப்பா சுயமாகச் சம்பாதித்த வீடு, உயில் எழுதாமல் இறந்துவிட்டார் என்றால், 1956-ம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மனைவிக்கும் மகள்களுக்கும் மகன்களுக்குச் சமமான பங்கு உண்டு. பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கான உரிமையைத் தமிழ்நாடு 1989-ல் சட்டமாக்கியது. 2005-ல் மத்திய சட்டமும் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தம் நடந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வாரிசுச் சட்டம் வேறு, ஆனால் அங்கேயும் மகள்களுக்குப் பங்கு இருக்கிறது.

எனவே வாரிசுச் சான்றில் பெயர் உள்ள எல்லோரிடமும் வீட்டைக் காட்டுவதற்கு முன்பே பேசி முடிப்பது அவசியம். பங்கு வேண்டாம் என்பவர் விடுதலைப் பத்திரம் பதிவு செய்து தரலாம். வேண்டும் என்பவர் கிரயப் பத்திரத்தில் சேர்ந்து கையெழுத்துப் போட்டுத் தன் தொகையை வாங்கிக்கொள்ளலாம். தாலி கட்டிக் கொடுத்து முப்பது வருஷம் ஆச்சு, சீர் செய்தாச்சு என்பதெல்லாம் சார்பதிவாளர் அலுவலகத்தில் எடுபடாது. வாரிசுகளில் மைனர் இருந்தால் அவர் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி தேவைப்படும்.

போட்டோ, தரகர், விலை

போட்டோவைக் காலை வெயிலில், ஜன்னல்களைத் திறந்துவைத்து, போனைப் படுக்கை வாட்டில் பிடித்து எடுங்கள். இணையத்தில் போடும்போது பத்திரம், பட்டா, ஆதார் படங்களைப் போடவே வேண்டாம். வீட்டைப் பார்க்காமலே "டோக்கன் அட்வான்ஸ் அனுப்புறேன், இந்த கியூ.ஆர். கோடை ஸ்கேன் பண்ணுங்க" என்று யாராவது சொன்னால் அது மோசடி. பணம் வாங்க ஸ்கேன் செய்யத் தேவையில்லை, பின் நம்பரும் போடத் தேவையில்லை.

ஐந்து தரகர்களிடம் சொல்லி, ஐந்து பேரும் ஐந்து விலை சொன்னால் வீட்டின் மதிப்புதான் கெடும். ஒன்றிரண்டு பேரிடம் ஒரே விலையைச் சொல்லி, கமிஷனையும் முன்பே பேசிவிடுவது நல்லது. விலையைத் தீர்மானிக்கும்போது வாங்குபவரின் செலவையும் மனதில் வையுங்கள். முத்திரைத் தீர்வையும் மாற்றுத் தீர்வையும் சேர்த்து 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ரூ.30 லட்சத்துக்குப் பதிவு செய்தால் ரூ.2.7 லட்சம் அவர் கையில் இருந்து போகும்.

விலை முடிந்ததும் கிரய ஒப்பந்தம். தமிழ்நாட்டில் 2012 முதல் இதைப் பதிவு செய்வது கட்டாயம். அட்வான்ஸை ரூ.20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கினால், வாங்கிய அளவுக்கே வருமான வரித்துறை அபராதம் விதிக்கலாம். காசோலை அல்லது வங்கிப் பரிமாற்றம்தான் சரி. மீதித் தொகை எப்போது, வீட்டுச் சாவி எப்போது, பீரோ, இன்வெர்ட்டர், மோட்டார் இவற்றில் எது வீட்டோடு போகும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். கடைசி நாளில் ஒரு மோட்டாருக்காக மனக்கசப்பு வந்த கதைகள் ஏராளம்.

பதிவுக்கு முகூர்த்த நாள் பார்ப்பவர்கள் டோக்கனை முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். அந்த நாட்களில் பதிவுத்துறை கூடுதல் டோக்கன் ஒதுக்குவது வழக்கம்தான் என்றாலும், ஆவணியில் அதுவும் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது.