இரைச்சலை நீக்கும் ஹெட்ஃபோன்: விமானத்திலிருந்து படிப்பு மேசைக்கு

தேர்வு நெருங்கிவிட்டால் போதும். பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி, கீழே புல் வெட்டும் இயந்திரம், தம்பி தங்கை சண்டை எல்லாமே தொந்தரவாகத் தெரியும். உடனே கை ஹெட்ஃபோனைத் தேடும். அதிலும் இரைச்சலை நீக்கும் வகை என்றால், "போட்டதும் உலகமே அமைதியாயிடுது" என்று மாணவர்கள் சொல்வார்கள். இரண்டு மணி நேரம் கழித்து, "காது அடைச்ச மாதிரி இருக்கு, தலை வலிக்குது" என்றும் சொல்வார்கள். இரண்டும் உண்மைதான். ஏன் இப்படி? இந்தக் கருவி எதற்காகப் பிறந்தது என்று பார்த்தால் விடை கிடைக்கும்.

ஒலியை ஒலியால் அடக்குதல்

ஒலி ஓர் அலை. அதற்கு மேடும் உண்டு, பள்ளமும் உண்டு. ஓர் அலையின் மேட்டோடு இன்னோர் அலையின் பள்ளத்தைச் சேர்த்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். இந்த எண்ணத்துக்கு ஜெர்மானியரான பால் லூக் 1936ஆம் ஆண்டு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். ஆனால், அதைத் திறம்படச் செய்துகாட்டும் மின்னணுவியல் அன்று வளர்ந்திருக்கவில்லை.

அடுத்த பெரிய அடியை எடுத்துவைத்தவர் அமர் போஸ். இவருடைய தந்தை வங்காளத்திலிருந்து அமெரிக்காவுக்குச் சென்ற விடுதலைப் போராட்டக்காரர். 1978இல் ஸூரிச்சிலிருந்து பாஸ்டனுக்குப் பறந்தபோது, விமானத்தில் கொடுத்த ஹெட்ஃபோனில் இசையைவிட இயந்திர இரைச்சல்தான் அவருக்கு அதிகமாகக் கேட்டது. பறக்கும்போதே கணக்குப் போடத் தொடங்கினார். 1986இல் வாயேஜர் என்ற சிறு விமானம் எங்கும் நிற்காமல், எரிபொருள் நிரப்பாமல் உலகைச் சுற்றியது. பயணம் ஒன்பது நாள். அதில் சென்ற இரு விமானிகளின் செவியைக் காக்க அவருடைய மாதிரிக் கருவிகள் பயன்பட்டன. 1989இல் விமானிகளுக்கான ஹெட்ஃபோன் விற்பனைக்கு வந்தது. 2000ஆம் ஆண்டு பொதுமக்களுக்கும் வந்தது.

ஒன்றைக் கவனியுங்கள். இந்தக் கருவி பாட்டைச் சத்தமாகக் கேட்பதற்காக வரவில்லை. காதைக் காப்பதற்காகவே வந்தது.

சிங்கப்பூரில் காதுக்கு ஒரு சட்டம்

காதைக் காக்கும் கவலை நம் ஊருக்கும் பழையதுதான். கப்பல் பட்டறைகளும் உலோகத் தொழிற்சாலைகளும் பெருகியபோது, இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு சிங்கப்பூரின் தொழில்சார் நோய்களில் முன்வரிசையில் நின்றது. தொழிற்சாலை இரைச்சலுக்கென 1996இல் விதிமுறைகள் வந்தன. அவற்றுக்குப் பதிலாக 2011இல் புதியவை வந்தன. அவற்றின்படி ஒரு நாளில் 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல்தான் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி, 94 என்றால் 1 மணி நேரம்தான்.

ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் கூடும் நம் ஊழியர்களில் கப்பல் பட்டறையில் வேலை பார்ப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு வேலையிடத்தில் காதடைப்பான் உண்டு, செவிப் பரிசோதனை உண்டு, அதைக் கவனிக்க மேற்பார்வையாளரும் உண்டு. உங்கள் படிப்பு மேசைக்கு மேற்பார்வையாளர் யார்? நீங்கள்தான்.

உடம்பு என்ன சொல்கிறது?

காது அடைத்த உணர்வு: இக்கருவி இயந்திர ஓசை, குளிரூட்டி, எம்ஆர்டி உறுமல் போன்ற தொடர்ச்சியான தாழ்ந்த ஒலிகளைத்தான் நன்றாக அடக்கும். அவை திடீரென மறைந்ததும், காற்றழுத்தம் மாறிவிட்டதாக மூளை எண்ணிக்கொள்கிறது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். உண்மையில் அழுத்தம் மாறுவதில்லை. சிலருக்குத் தலைவலியும் தலைசுற்றலும் வரலாம்.

வியர்வையும் அரிப்பும்: நம்முடையது ஈரப்பதம் மிகுந்த ஊர். காதுக்குள் செருகும் வகை காற்றை அடைத்து, ஈரத்தையும் குறும்பியையும் உள்ளே தேக்கும். அரிப்பு, தொற்று வர வழியாகும்.

இறுக்கம்: தலைமேல் மாட்டும் வகை நெற்றிப்பொட்டை அழுத்தும். மூக்குக்கண்ணாடி போடுபவர்களுக்கு இன்னும் அதிகம்.

செவித்திறன் இழப்பு: இதுதான் மிகப் பெரியது. உள்காதில் ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள் உள்ளன. அழிந்தால் திரும்ப முளைக்காது. பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம் 80 டெசிபல், சிறுவர்களுக்கு 75 டெசிபல் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். வெளி இரைச்சல் போன பிறகும் ஒலியளவைக் குறைக்காமல் விட்டால் கருவியின் பயனே போயிற்று.

இன்னொரு கேள்வியும் எழுந்துள்ளது. எப்போதும் இரைச்சலை நீக்கியே கேட்டால், சந்தடியில் ஒரு குரலைப் பிரித்தறியும் திறன் இளையர்களுக்குக் குறையுமா என்று பிரிட்டனில் செவித்திறன் வல்லுநர்கள் சிலர் 2025இல் கேட்டார்கள். இது இன்னும் நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் யோசிக்க வேண்டிய கேள்விதான்.

என்ன செய்யலாம்?

• ஒலியளவை 60 விழுக்காட்டுக்குக் கீழே வையுங்கள். அமைதி மட்டும் வேண்டுமென்றால் பாட்டே வேண்டாம்.
• மணிக்கொரு முறை கழற்றி, காதுக்கும் கருவிக்கும் காற்றுப்படச் செய்யுங்கள். அடுத்தவர் கருவியைப் போடாதீர்கள்.
• சிராங்கூன் சாலை போன்ற இடங்களில் சாலையைக் கடக்கும்போது கழற்றிவிடுங்கள். வாகன ஓசையும் சைக்கிள் மணியும் உங்களுக்கான எச்சரிக்கை.
• கேட்டல் கருத்தறிதல் பயிற்சியைச் சில நாளாவது ஹெட்ஃபோன் இல்லாமல் செய்யுங்கள். மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு குரலைப் பின்தொடர்வதும் பயிற்சிதான்.
• காதில் இரைச்சல் விடாமல் கேட்டால் "தானா சரியாயிடும்" என்று இருந்துவிடாதீர்கள், மருத்துவரைப் பாருங்கள்.

அருஞ்சொற்பொருள்

காப்புரிமை – கண்டுபிடிப்புக்குச் சட்டம் தரும் உரிமை
குறும்பி – காதில் சேரும் மெழுகு போன்ற அழுக்கு
சந்தடி – மக்கள் கூட்டத்தின் இரைச்சல்

சிந்தனைக்கு

1. ஒரு தொழிற்சாலையில் இரைச்சல் அளவு 97 டெசிபல். காதடைப்பான் இல்லாமல் எவ்வளவு நேரம் வேலை செய்யலாம்? மேலே உள்ள கணக்கைத் தொடர்ந்து விடை காண்க.
2. 'ஒலி', 'ஓசை', 'இரைச்சல்' ஆகிய சொற்களை இக்கட்டுரை எங்கெங்கே ஆள்கிறது? பொருள் வேறுபாட்டை விளக்குக.
3. பொது இடத்தில் ஹெட்ஃபோன் அணிவது குறித்து உன் கருத்தை இரண்டு நிமிடம் பேசுக.